கால் விறைப்பு எல்லாம் குளிரினால் வருவதில்லை

இலங்கையின் மலைநாட்டில் கால் விறைத்தால் காரணம் தேட யாரும் சிரமப்படுவதில்லை. தை, மாசி மாதங்களில் நுவரெலியாவில் புல்லின் மேல் பனி உறைகிறது. டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் ஆடி மழை பிடித்துவிட்டால் நாட்கணக்கில் வெயிலின் முகமே தெரியாது. விடிவதற்கு முன் எழுந்து, ஈரத்தில் நடந்து, நாள் முழுவதும் சரிவில் நின்று தேயிலைக் கொழுந்து எடுக்கிற ஒருவருடைய கால் விறைக்காமல் என்ன செய்யும்? குளிர் என்கிறோம், வாதம் என்கிறோம், வயதாகிவிட்டது என்கிறோம். தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுகிறோம்.

பல பேருக்கு அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் சீனி வருத்தம் எனப்படும் நீரிழிவு உள்ளவருக்கும், சீனி இருக்கிறதா என்று ஒரு தடவைகூடப் பார்த்திராதவருக்கும் இந்தப் பதில் காலத்தைத் தின்றுவிடுகிறது. விறைப்பு தொடங்கிய புதிதில் செய்ய முடிந்தவை, ஐந்தாறு வருடம் கழித்துச் செய்ய முடியாமல் போகின்றன. நீரிழிவு உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் நரம்புப் பாதிப்பு வருகிறது. அப்படி வந்தவர்களிலும் பாதிப் பேர்வரை வலியோ எரிச்சலோ எதையும் உணர்வதில்லை. "எனக்குக் காலில் ஒன்றும் இல்லையே" என்று நீரிழிவு உள்ள ஒருவர் சொன்னால், காலைச் சோதித்துப் பார்க்கும்வரை அந்தப் பேச்சை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

சீனிக்கும் கால் விறைப்புக்கும் என்ன தொடர்பு? இரத்தத்தில் உள்ள இனிப்பு எப்படிப் போய் நரம்பைக் கெடுக்கிறது? அதுவும் ஏன் காலில் தொடங்குகிறது? இவற்றுக்கு விடை தெரிந்தால், கிளினிக்கில் சொல்லப்படும் அறிவுரைகள் ஒவ்வொன்றும் எதற்காக என்பது தானாக விளங்கிவிடும்.

நரம்பு என்பது என்ன?

கால் பெருவிரலின் நுனியில் ஒரு முள் குத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் செய்தியை மேலே எடுத்துச் செல்வது ஒற்றைக் கலத்தின் நீண்ட இழை. கலத்தின் உடல் இருப்பது இடுப்புக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி. அதன் குறுக்களவு பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அங்கிருந்து புறப்படும் இழையோ தொடை, கெண்டைக்கால், கணுக்கால் என்று இறங்கி, வளர்ந்த ஒருவரில் ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரம் ஓடி விரல் நுனிக்கு வருகிறது. இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான இழைகளின் கட்டுத்தான் நாம் நரம்பு என்று சொல்வது.

அந்த இழை உயிரோடு இருக்கத் தேவையான புரதங்களில் பெரும்பகுதி முதுகெலும்பை ஒட்டியிருக்கும் அந்தச் சின்னஞ்சிறு உடலில்தான் உருவாகிறது. உருவானவை இழையின் உள்ளேயே நகர்ந்து விரல் நுனிவரை வர வேண்டும். வேகமாக நகர்பவை நாளொன்றுக்கு 40 சென்ரிமீற்றர்வரை வரும். அவற்றுக்கே இரண்டரை நாள் ஆகிறது. மெதுவாக நகர்பவை நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான் வருகின்றன. அவை கால் விரலைச் சேர ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும். இவ்வளவு நீண்ட பயணத்தை வாழ்நாள் முழுவதும் நிற்காமல் நடத்திக்கொண்டிருப்பதற்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தச் சக்திக்கு ஒட்சிசன் வேண்டும். ஒட்சிசனை இரத்தம் கொண்டுவர வேண்டும்.

எல்லா இழைகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. தடித்த இழைகள் தொடுகை, அதிர்வு, மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வு ஆகியவற்றைச் சுமக்கின்றன. அவற்றைச் சுற்றி மயிலின் என்ற கொழுப்புக் கவசம் இருப்பதால் செய்தி நொடிக்கு 35 முதல் 75 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது. வலியையும் சூட்டையும் குளிரையும் சொல்பவை மெல்லிய இழைகள். அவற்றுள் மிக மெல்லியவற்றுக்குக் கவசமே கிடையாது. செய்தி நொடிக்கு இரண்டு மீற்றருக்கு மேல் போகாது. நீரிழிவில் பல வேளைகளில் முதலில் அடிபடுவது இந்த மெல்லிய இழைகள்தான். சூடு தெரியாமல் போவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

நரம்புக்கும் இரத்தம் வேண்டும்

நரம்பு உடல் முழுவதும் செய்தி கொண்டு போகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்த நரம்புக்கே சோறு போடுவது யார் என்று யாரும் சொல்லித்தந்ததாக நினைவில்லை. ஒவ்வொரு நரம்போடும் கூடவே சிறு இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அவை கிளைவிட்டு, நரம்புக் கட்டின் உறையைத் துளைத்து உள்ளே போய், இழைகளுக்கு நடுவே மயிர்த்துளைக் குழாய்களாகப் பிரிகின்றன. மயிர் என்று பெயரே தவிர, தலைமயிரைவிட அவை பல மடங்கு மெல்லியவை. ஒரு செங்குழியம் உடம்பைச் சுருக்கிக்கொண்டு தனித்தனியாக நுழைந்து போகும் அளவுதான் வழி இருக்கிறது.

இந்தக் குழாய்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. மூளையிலும் சிறுநீரகத்திலும் உள்ள குழாய்கள், இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் தங்களைச் சுருக்கி விரித்து, ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். நரம்புக்குள் உள்ள குழாய்களுக்கு அந்தத் திறமை மிகக் குறைவு. மேலே ஏற்படும் குறை அப்படியே கீழே இறங்கும்.

தோட்டத்தில் மலை உச்சி ஊற்றிலிருந்து குழாய் போட்டு, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்குத் தண்ணீர் எடுத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். குழாயின் உள்ளே பாசி பிடித்து வழி குறுகினால் முதல் லயத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கடைசி லயத்துப் பீலியில்தான் முதலில் தண்ணீர் நூலாக ஒழுகும். கால் விரல் அந்தக் கடைசி லயம். இழையின் நீளம் கூடக் கூட, வழியில் அடிபடுவதற்கு இடமும் கூடுகிறது. தூரத்து நுனிக்குப் போய்ச் சேர்வது குறைகிறது. அதனால்தான் நீரிழிவு நரம்புப் பாதிப்பு இரண்டு கால்களிலும் ஒரே நேரத்தில், விரல் நுனியில் தொடங்குகிறது. அங்கிருந்து பாதம், கணுக்கால், கெண்டைக்கால் என்று மேலே ஏறுகிறது. ஏறத்தாழ முழங்காலை எட்டும் சமயத்தில் கைவிரல் நுனிகளிலும் தொடங்கிவிடும். முதுகெலும்பிலிருந்து முழங்கால்வரை வரும் இழையின் நீளமும் கைவிரல் நுனிவரை வரும் இழையின் நீளமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதுதான் இதற்குக் காரணம்.

சீனி உள்ளே போய் என்ன செய்கிறது?

தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் குளுக்கோசு நுழைய வேண்டுமானால் பெரும்பாலும் இன்சுலின் வந்து வாசலைத் திறக்க வேண்டும். நரம்புக் கலங்களுக்கும் இரத்தக் குழாயின் உட்சுவர்க் கலங்களுக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. இரத்தத்தில் சீனி ஏறினால் அவற்றின் உள்ளேயும் ஏறும். வேண்டாம் என்று தடுக்க அவற்றுக்கு வழியில்லை. உடலின் எல்லாக் கலங்களையும் விட்டுவிட்டு நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் குறிவைப்பது போலத் தோன்றுவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

உள்ளே குவிந்த குளுக்கோசு பல வழிகளில் திரும்புகிறது. ஒரு நொதியம் அதைச் சோர்பிட்டோல் என்ற பொருளாக மாற்றுகிறது. இந்த மாற்றத்துக்குச் செலவாகும் மூலப்பொருள், கலம் தன்னைக் காத்துக்கொள்ளவும் தேவைப்படும் ஒன்று. அது தீர்ந்துபோவதால், நச்சு ஒட்சிசன் துணிக்கைகளைச் செயலிழக்கச் செய்யும் குளுத்தாதயோன் கலத்தில் குறைகிறது. அதே நேரத்தில், கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகள் மிதமிஞ்சிய குளுக்கோசை எரிக்க முயன்று அந்த நச்சுத் துணிக்கைகளைக் கூடுதலாக வெளியிடுகின்றன. தீ ஒருபுறம் பெருக, அணைப்பதற்கு வைத்திருந்த தண்ணீர் மறுபுறம் வற்றுகிறது.

இரண்டாவது வழி, குளுக்கோசு புரதங்களில் போய் ஒட்டிக்கொள்வது. கிளினிக்கில் மூன்று மாதச் சராசரி பார்க்கிறோம் என்று எச்பிஏ1சி என்ற சோதனைக்கு இரத்தம் எடுக்கிறார்கள் அல்லவா? செங்குழியத்தில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சீனி ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. அப்படி ஒட்டுவது ஹீமோகுளோபினில் மட்டும் நடப்பதில்லை. நரம்பின் புரதங்களிலும், மயிலின் கவசத்திலும், இரத்தக் குழாயின் சுவரைத் தாங்கும் மென்படலத்திலும் ஒட்டுகிறது. நாட்பட நாட்பட இந்த ஒட்டு பிரிக்க முடியாததாக இறுகிப் போகிறது. எச்பிஏ1சி 9, 10 என்று வருகிறபோது வைத்தியர் முகம் சுருங்குவது அந்த எண்ணுக்காக அல்ல. அந்த எண் உடலின் மற்ற இடங்களில் நடந்துகொண்டிருப்பதையும் சொல்கிறது என்பதற்காக.

மூன்றாவதாக, இரத்தக் குழாயின் உட்சுவர் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவைச் சிறிதளவு வெளியிட்டுத்தான் குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. சீனி கூடிய நிலையில் அந்த வாயு குறைகிறது. சுருங்கச் சொல்லும் கட்டளைகள் கூடுகின்றன. நரம்புக்குள் உள்ள மயிர்த்துளைக் குழாயை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மாற்றம் கண்ணுக்கே தெரியும்: சுவரைச் சுற்றிய மென்படலம் தடித்திருக்கும், உட்சுவர்க் கலங்கள் வீங்கியிருக்கும், நடுவே உள்ள துளை சிறுத்திருக்கும். ஒட்சிசன் இரத்தத்திலிருந்து இழைக்குப் போக வேண்டிய தூரமும் கூடிவிட்டது, வருகிற இரத்தமும் குறைந்துவிட்டது.

ஆக நரம்பு இரண்டு பக்கத்தாலும் அடி வாங்குகிறது. உள்ளே சீனி நேரடியாகக் கெடுக்கிறது. வெளியே அதற்கு உணவு கொண்டுவரும் குழாய் அடைபடுகிறது. இவற்றில் எது முதலில், எது அதிகம் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடலாம். நோயாளிக்கு இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

இதில் பலரை ஏமாற்றும் ஒரு திருப்பம் இருக்கிறது. இரத்தக் குழாய்களைச் சுருக்கி விரிப்பதும் ஒரு வகை மெல்லிய நரம்புகளின் வேலை. அந்த நரம்புகள் பழுதானால், பாதத்தில் வரும் இரத்தம் மயிர்த்துளைக் குழாய்களுக்குள் போகாமல் குறுக்கு வழியாக நேரே நாளத்துக்குத் தாவிவிடும். பாதத்தைத் தொட்டால் சூடாக இருக்கும், நாளங்கள் புடைத்திருக்கும், இரத்தம் நன்றாக ஓடுகிறது என்று தோன்றும். உள்ளே நரம்பு பட்டினி கிடக்கும். "கால் ஐஸாகக் குளிர்கிறது" என்று ஓர் ஆயா சொல்ல, தொட்டுப் பார்த்தால் பாதம் இளஞ்சூடாக இருந்தால், அதைக் குளிர் என்று எண்ணிப் போர்வையைத் தேடாதீர்கள். குளிர்வதாகச் சொல்வது நரம்பு; அது பொய்ச் செய்தி அனுப்புகிறது.

குளிரின் விறைப்பும் சீனியின் விறைப்பும்

குளிரினால் விறைத்த கால், காய்ந்த துணியால் துடைத்துச் சற்று நேரம் கதகதப்பில் இருந்தால் உயிர் பெற்றுவிடும். சீனியினால் வருவது அப்படி விடாது. இரண்டு பாதங்களிலும் ஒரே அளவில் இருக்கும், விரலில் தொடங்கும், மாதக்கணக்கில் நிற்கும். முக்கியமாக, இரவில் கூடும். பகல் முழுவதும் மலையில் நின்றபோது தெரியாத எரிச்சல், போர்வைக்குள் கால் நீட்டிய பிறகு கிளம்பும். எறும்பு ஊர்வது போல, ஊசி குத்துவது போல, பாதத்தில் மிளகாய் பூசியது போல என்று ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். போர்வை உரசினாலே சிலருக்குத் தாங்காது. வேறு சிலருக்கு எரிச்சலே இராது. பஞ்சின் மேல் நடப்பது போல இருக்கிறது, செருப்பு கழன்றதே தெரியவில்லை என்பார்கள்.

எரிந்துகொண்டிருந்த கால் ஒரு கட்டத்தில் தானாகவே அமைதியாகிவிடுவதும் உண்டு. "கசாயம் குடித்தேன், சுகமாகிவிட்டது" என்று மனநிறைவோடு சொல்பவர்கள் இருக்கிறார்கள். சீனி கட்டுப்பட்டதனால் வந்த சுகமாக இருந்தால் நல்லது. ஆனால் வலியைச் சொல்லும் இழைகள் முற்றாக மடிந்ததனாலும் வலி நிற்கலாம். முன்னையதா பின்னையதா என்பதைக் காலைச் சோதித்துத்தான் அறிய முடியும். எனக்கு மிகவும் கவலை தருவது எரிகிற கால் அல்ல, எரிந்து ஓய்ந்த கால்.

ஏனென்றால் உணர்ச்சியற்ற காலுக்கு நம் மலைகளில் எதிரிகள் அதிகம். கவ்வாத்து வெட்டிய மலையை நினைத்துப் பாருங்கள். வெட்டுப்பட்ட தேயிலை மரத்தின் அடிக்கட்டைகள் கூராக நிற்கும். தரை முழுவதும் மிலாறு, அதாவது வெட்டி விழுந்த குச்சிகள், சிதறிக் கிடக்கும். உணர்வுள்ள காலில் ஒரு குச்சி ஏறினால் உடனே காலைத் தூக்கி, உட்கார்ந்து, பிடுங்கி எறிந்துவிடுவோம். உணர்வு போன கால் அந்தக் குச்சியோடு மாலை வரை நடக்கும். வீட்டுக்கு வந்து கழுவும்போது தண்ணீர் சிவப்பதைப் பார்த்துத்தான் தெரியவரும். மழை நாளில் றப்பர் சப்பாத்துக்குள் நுழைந்த ஒரு சிறு கல்லும் அப்படியே. அது ஒரே இடத்தில் நாள் முழுவதும் அழுத்தும். அழுத்திய இடத்தில் கொப்புளம், கொப்புளம் உடைந்து புண், புண்ணில் கிருமி.

அடுப்பு இன்னொன்று. மாலையில் அடுப்பங்கரையில் உட்கார்ந்து காலை நீட்டிக் குளிர் காய்வது இங்கே வீட்டுக்கு வீடு உள்ள பழக்கம். சூடு அளவு மீறுகிறது என்று சொல்ல வேண்டிய இழைகள் மடிந்துவிட்டால் பாதம் அங்கேயே வெந்துகொண்டிருக்கும். உட்கார்ந்திருப்பவர் இதமாக இருக்கிறது என்று பேசிக்கொண்டிருப்பார். சுடுதண்ணீர்ப் போத்தலைக் காலடியில் வைத்துக்கொண்டு தூங்குவதிலும் இதே ஆபத்து உண்டு. நீரிழிவு உள்ளவர் காலுக்குச் சூடு வேண்டுமானால் தடித்த காலுறை போதும். கால் கழுவும் வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்க வேண்டும். கையிலும் உணர்வு குறைந்திருந்தால் வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும்.

புண் ஆறாமல் போவதற்கும் காரணங்கள் ஏற்கெனவே சொன்னவற்றில் அடங்கியிருக்கின்றன. வியர்வையைச் சுரக்கச் செய்யும் நரம்புகள் போய்விடுவதால் தோல் வறண்டு வெடிக்கிறது. பாதத்தின் சிறு தசைகளுக்குப் போகும் நரம்புகள் பலமிழப்பதால் விரல்கள் வளைந்து, பாரம் விழும் இடங்கள் மாறிவிடுகின்றன. மயிர்த்துளைக் குழாய்கள் மட்டுமல்லாமல் காலுக்கு வரும் பெரிய நாடிகளும் கொழுப்புப் படிந்து குறுகினால், புண்ணை ஆற்ற வேண்டிய இரத்தமும் வராது. காலை எடுக்க வேண்டிய நிலை வந்தவர்களில் பலருடைய கதை யாரும் கவனிக்காத சின்னப் புண் ஒன்றில்தான் தொடங்கியிருக்கும்.

கால் மட்டும்தானா?

இல்லை. மனம் வைத்து இயக்காமல் தானாக நடக்கும் வேலைகளின் நரம்புகளும் பாதிக்கப்படும். எழுந்து நின்றதும் தலைசுற்றல், சாப்பிட்ட உணவு வயிற்றிலேயே கிடப்பது, சிறுநீர் முழுதாகப் போகாமல் தேங்குவது, ஆண்களுக்கு உடலுறவின்போது விறைப்புத்தன்மை குறைவது எல்லாம் இதில் சேரும். கடைசியாகச் சொன்னதை வைத்தியரிடம் சொல்ல வெட்கப்பட்டுப் பல வருடம் மறைப்பவர்கள் உண்டு. அது நரம்பும் இரத்தக் குழாயும் தரும் எச்சரிக்கை; சொன்னால் வைத்தியருக்கு இதயத்தையும் சேர்த்துச் சோதிக்கத் தோன்றும். நீரிழிவு நாட்பட்டவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வரக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சில சமயம் ஒரே ஒரு நரம்பு திடீரென்று இரத்தம் இழக்கும். கண்ணை அசைக்கும் நரம்பில் அப்படி நேர்ந்தால் ஒரே நாளில் இமை தொங்கி, பார்ப்பதெல்லாம் இரண்டு இரண்டாகத் தெரியும். நரம்புக்கும் தனி இரத்தக் குழாய் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது: நரம்பின் நடுப்பகுதி பட்டினியால் செயலிழக்கும், வெளி ஓரத்தில், உறையின் குழாய்களுக்கு அருகில் ஓடும், கண்மணியைச் சுருக்கும் இழைகள் பெரும்பாலும் தப்பிவிடும். இது பொதுவாகச் சில மாதங்களில் சரியாகும். ஆனால் இதே அறிகுறி மூளையில் உள்ள குழாய் வீக்கத்தாலும் வரலாம் என்பதால், வீட்டில் இருந்து பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது.

கொழுந்து எடுப்பவர்களின் மணிக்கட்டையும் இங்கே சொல்ல வேண்டும். மணிக்கட்டில் ஓர் இடுக்கு வழியாகக் கைக்கு நரம்பு போகிறது. அந்த இடத்தில் நரம்பு நெரிபடுவது நீரிழிவு உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். விரல்களை ஓயாமல் இயக்கும் தொழிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மட்டும் இரவில் விறைத்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் அது பெரும்பாலும் இந்த நெரிசல்தான். அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை

கிளினிக்கில் நைலோன் இழை ஒன்றால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். 10 கிராம் விசையில் வளையும்படி செய்யப்பட்ட இழை அது. இசைக்கவை என்ற உலோகக் கருவியைத் தட்டி, பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்றும் கேட்பார்கள். இவை இல்லாமலே வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றை இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரத்து வைத்தியர்கள் வகுத்துத் தந்திருக்கிறார்கள். கைவிரல் ஒன்று போதும்.

பேத்தி செய்யட்டும். "அம்மாயி, கண்ணை மூடிக்கொண்டு படுங்கள். நான் தொடுவது தெரிந்ததும் வலம், இடம் என்று சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு, சுட்டுவிரல் நுனியால் கால் விரல் நுனியை மிக மெதுவாக ஒரு நொடி அல்லது இரண்டு நொடி தொட வேண்டும். தட்டக் கூடாது, குத்தக் கூடாது, தடவக் கூடாது. முதலில் வலது பெருவிரல், பிறகு வலது சுண்டுவிரல். அடுத்து இடது பெருவிரல், இடது சுண்டுவிரல். கடைசியாக வலது நடுவிரல், இடது நடுவிரல். மொத்தம் ஆறு தொடுகை. பதில் வரவில்லை என்றால் இன்னொரு முறை தொட்டுப் பார்க்கக் கூடாது. அந்த விரலில் தெரியவில்லை என்றே கணக்கு. ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது. அடுத்த கிளினிக் நாளில் அதைச் சொல்லிக் காலைக் காட்ட வேண்டும்.

காட்டுவது என்று சொல்லும்போது ஒரு வேண்டுகோள். கிளினிக்கில் கூட்டம் அதிகம். கொப்பியைப் பார்த்து, சீனி அளவைப் பார்த்து, மாத்திரையை எழுதி அனுப்பிவிடும் நாட்கள் உண்டு. யாரும் கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றுங்கள். "காலையும் ஒரு தடவை பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது பாதத்தை முறையாகச் சோதிக்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. கேட்பது உங்கள் உரிமை. கிளினிக்குப் போனால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் கூலி, போய்விடும், கைக்காசு குறையும் என்பது எனக்குத் தெரியும். நாட்கூலி வாங்குகிறவரிடம் அதைச் சின்ன விடயம் என்று சொல்ல மாட்டேன். புண் முற்றி மாதக்கணக்கில் விடுதியில் படுத்தால் போகும் பேர்களையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

திரும்ப வருமா?

மடிந்த இழையை மீண்டும் முளைக்க வைக்கும் மாத்திரை இதுவரை இல்லை. முளைக்கும் திறன் உள்ள இழைகளும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான் வளரும். ஆகவே இருப்பதைக் காப்பதே முதல் வேலை, அது நடக்கக்கூடிய வேலை. அமெரிக்காவிலும் கனடாவிலும் உடலில் இன்சுலின் சுரப்பது நின்றுபோகும் முதலாம் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் நடந்து, 1993 இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நரம்புப் பாதிப்பு ஏறத்தாழ 60 வீதம் குறைந்தது. நடுவயதில் வரும் இரண்டாம் வகையில் சீனியை மட்டும் இறக்குவதனால் கிடைக்கும் பலன் அவ்வளவு பெரிதாக இல்லை. அங்கே இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு, உடல் எடை, புகையிலை எல்லாமே நரம்பின் குழாய்களைக் கெடுப்பதில் பங்கெடுக்கின்றன.

புகையிலை என்றதும் சுருட்டும் சிகரெட்டும் மட்டும் நினைவுக்கு வர வேண்டாம். வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலையிலும் நிக்கொட்டீன் இருக்கிறது. அது ஏற்கெனவே குறுகிய குழாய்களை இன்னும் சுருக்கும். கசிப்போ சாராயமோ நாள்தோறும் குடித்தால், சீனியே இல்லாதவருக்கும் நரம்பு கெடும். இரண்டும் சேர்ந்தவரின் காலை மருந்தால் மட்டும் காப்பாற்றுவது கடினம்.

சாப்பாட்டில் நம் வீடுகளின் சிக்கல் கோதுமை மா. காலையில் ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி, இடையிடையே சீனி போட்ட பிளேன்டீ. இதை ஒரே நாளில் மாற்றச் சொல்வது நியாயம் இல்லை. பிளேன்டீயில் சீனியை நிறுத்துவதும், ரொட்டியில் ஒன்றைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பும் கீரையும் சேர்ப்பதும் கையில் காசு குறைந்த வீட்டிலும் தொடங்கக்கூடியவை.

மருந்தைப் பற்றி இரண்டு விடயங்கள். நீரிழிவுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மெற்போமின் மாத்திரையைப் பல வருடம் எடுப்பவர்களில் சிலருக்கு விற்றமின் பி12 குறைகிறது. அந்தக் குறைபாடும் இதே மாதிரிக் கால் விறைப்பைத் தரும்; இறைச்சி, மீன், முட்டை, பால் அரிதாகச் சாப்பிடுபவர்களுக்கு வாய்ப்பு அதிகம். இது திருத்தக்கூடிய குறை என்பதால் கேட்டுச் சோதிப்பது பயன் தரும். அதற்காக மெற்போமினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்தது, இரவு எரிச்சலுக்கு வைத்தியர் தரும் அமிற்றிப்ரிலின், பிரீகபலின் போன்ற மாத்திரைகள் வலிச் செய்தியைத் தணிப்பவை. நரம்பை ஆற்றுபவை அல்ல. எரிச்சல் அடங்கினாலும் சீனிக் கட்டுப்பாட்டையும் கால் பராமரிப்பையும் விடக் கூடாது.

பராமரிப்பு என்பது பெரிய வித்தை இல்லை. தினமும் மாலையில் கால் கழுவி, விரல் இடுக்குகளை நன்றாகத் துடைத்து, வெளிச்சத்தில் பாதத்தின் அடியைப் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைக்கலாம், இல்லாவிட்டால் பிள்ளைகள் பார்க்கட்டும். வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாம். விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். சப்பாத்தைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ஆணிக்கால் இருந்தால் பிளேடால் சீவக் கூடாது. அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்காமல் சவர்க்காரம் போட்டுக் கழுவி உலரவிட வேண்டும்.

புண் என்று ஒன்று தெரிந்தால், அது நெல்லளவாக இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், அன்றைக்கோ மறுநாளோ வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். இலை அரைத்துக் கட்டுவதும் பற்பசை பூசுவதும் புண்ணை மறைக்கும். புண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்கினால், நாற்றமோ சீழோ வந்தால், விரல் கறுத்தால், காய்ச்சல் கண்டால் அது அவசரம். ஒரு கால் மட்டும் திடீரென்று வெளிறிக் குளிர்ந்து கடுமையாக வலித்தால் பெரிய நாடி அடைபட்டிருக்கலாம். ஒரு பக்கக் கையும் காலும் சேர்ந்து சோர்ந்தால் அது பாரிசவாதமாக இருக்கலாம். இவை நான் மேலே விவரித்த மெதுவான நரம்புப் பாதிப்பு அல்ல, மணிக்கணக்கில் முடிவாகும் விடயங்கள். பஸ்ஸுக்குக் காத்திராமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம்.